ஏரலிலிருந்து எதிர்த்திசை

ஏரல்காரர்களுக்கும் மேற்கு மலைக்கும் உள்ள உறவு ஆடி அமாவாசைக்குத்தான் வெளியே தெரியும். அன்றைக்கு எங்கள் தாமிரபரணிக் கரையில் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலில் நிற்க இடம் இருக்காது. 1908-இல், 28 வயதில் மறைந்த ஓர் ஊர்ச் சேர்மன் சாமியாகிப்போன கோயில் அது. அதே அமாவாசைக்கு, இதே ஆற்றின் மேல்கோடியில், காரையாற்றுக் காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டு ஜனம் தங்கும். தெருவில் பாதிப் பேர் இங்கே முங்குவார்கள். மீதிப் பேர் வேன் பிடித்து அங்கே போவார்கள். போய் வந்தவர்கள் கிடாய் வெட்டையும் கூட்டத்தையும் சொல்வார்களே தவிர, காடு எப்படி இருந்தது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் அந்தக் காட்டைப் பார்க்கக் கிளம்பியதற்குக் காரணம் அக்கா மகன். ஜோகன்னஸ்பர்க்கில் வேலை, விடுமுறைக்கு வந்திருந்தான். போனில் முழுக்கச் சிங்கம். க்ரூகர் பூங்காவில் திறந்த ஜீப்பில் வழிகாட்டியோடு சுற்றியது, பிறகு ட்ராக்கன்ஸ்பெர்க் மலைக்கு இறங்கி, சானி கணவாய் வழியாக 2,876 மீட்டர் உயரத்துக்கு ஏறி லெசோத்தோவுக்குள் போனது என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். கடைசியில், "நம்ம மலைல என்ன மாமா இருக்கு?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. மாப்ளே, கிளம்பு என்றேன்.

தாமிரபரணியைப் பிடித்தபடியே போனால் எட்டு அணைக்கட்டு. ஏரல் பக்கத்து வாழைக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கொடிக்கும் தண்ணீர் விடும் ஸ்ரீவைகுண்டம்தான் கடைசி. மருதூர், சுத்தமல்லி, பழவூர் என்று மேலே போகப்போக ஆறு ஒல்லியாகும், தண்ணீர் தெளியும். ஸ்ரீவைகுண்டம் பஸ், நெல்லையில் மாறி பாபநாசம் பஸ். அம்பாசமுத்திரம் தாண்டியதும் வயலுக்கு மேல் மலை சட்டென்று பக்கத்தில் வந்து நிற்கும். இதற்கு மேல் வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பாபநாசம் சோதனைச்சாவடியில் பையைக் குடைந்து பார்த்தார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், பிஸ்கட் உறை எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. நாங்கள் பதிந்திருந்தது காரையாறு – மூலக்கசம் நடைப்பாதை. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் ஒன்று. ஆன்லைனில் பணம் கட்டிவிட்டால் வழிகாட்டி கூட வருவார்; காட்டோரத்து ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து அமர்த்தியிருக்கிறார்கள். எங்களுக்கு வந்தவர் காணிக்காரர், இந்த மலையின் பழங்குடி. முப்பது வயது இருக்கும். காலில் ரப்பர் செருப்பு. மருமகன் கணுக்கால்வரை ஏறும் பூட்ஸ் மாட்டியிருந்தான். அவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து அவன் சாக்ஸில் தூவித் தேய்த்துவிட்டார். "அட்டைக்கு, சார்."

நடக்க ஆரம்பித்து அரை மணி நேரம் எந்த விலங்கும் இல்லை. மருமகனுக்குப் பொறுமை போய்விட்டது. அப்போதுதான் வழிகாட்டி குனிந்தார். மண்ணில் பிளந்த குளம்புத் தடம். "மிளா. ராத்திரி போயிருக்கு. ஒத்தை." கொஞ்ச தூரத்தில் மரப்பட்டை நார்நாராக உரிந்து தொங்கியது. யானை. பாறைமேல் காய்ந்துபோன விட்டை; குச்சியால் கிளறினார், உள்ளே ரோமம். சிறுத்தை. ஒரு மரத்தில் ஆள் உயரத்துக்கு மேலும் நகம் பதித்த கீறல்கள். தேனுக்காகக் கரடி ஏறியது. மேலே ஏதோ கிளை முறிவதுபோல் சத்தம். அண்ணாந்தால் மலையணில், செம்பழுப்பு உடம்பு, தன்னைவிட நீண்ட வால். தூரத்தில் கருமந்தி 'ஹூ ஹூ' என்று கூட்டத்தைக் கூப்பிட்டது. ஊர்க்குரங்கின் கத்தலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அடிவயிற்றிலிருந்து வரும் முழக்கம்.

"புலி?" என்று கேட்டுவிட்டான் மருமகன். அவர் ஒரு மரத்தைக் காட்டினார். முழங்கால் உயரத்தில் பச்சை நிறப் பெட்டி ஒன்று கட்டியிருந்தது. தானியங்கிக் கேமரா. "அது பாத்திருக்கும் சார். நான் பொறந்ததுல இருந்து ரெண்டு மூணு தடவ பாத்திருப்பேன்."

இதைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. க்ரூகர் கிட்டத்தட்ட 19,500 சதுர கிலோமீட்டர். புல்வெளி, குட்டை மரம், வறண்ட மாதங்களில் நீர்நிலையைத் தேடித் தாமாகவே வந்து நிற்கும் மந்தைகள். கண்ணுக்கு மறைப்பில்லை. முண்டந்துறையும் களக்காடும் 1988-இல் ஒன்றாகித் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமானபோது பரப்பு சுமார் 818 சதுர கிலோமீட்டர். அடிவாரத்தில் முள்காடு, முண்டந்துறை மேட்டில் இலையுதிர் காடு, அதற்கு மேல் வருஷம் முழுக்கப் பச்சை மாறாத சோலை. சோலைக்குள் வெயில் இறங்காது, புல் குறைவு. புல் குறைந்தால் மான் குறைவு, மான் குறைந்தால் புலி குறைவு. இருப்பதும் பத்தடிக்குள் மறைந்துவிடும். 2022 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 306 புலிகள்தான். முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை எல்லாம் சேர்த்து. ஆப்பிரிக்காவில் எல்லாரும் கேட்கும் அந்த 'ஐந்து பெரிய விலங்கு'ப் பட்டியல் வேட்டைக்காரர்கள் போட்டது. சுட்டுவீழ்த்தக் கஷ்டமானவை எவை என்ற கணக்கு. அதைத் தூக்கிக்கொண்டு இந்தப் பொதிகை மலைக்கு வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

நாங்குநேரிக்காரர் ஏ.ஜே.டி. ஜான்சிங் இதே மலையடிவாரத்தில் சுற்றி வளர்ந்தவர். சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர், பந்திப்பூருக்குப் போய் 1970-களில் செந்நாய்களின் பின்னாலேயே நடந்து ஆராய்ந்து பேர் வாங்கினார். 2024 ஜூனில் காலமானார். நாட்டின் பல காடுகளை அளந்த அவரை நம் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். சினிமாக்காரர் என்றால் பஸ் ஸ்டாண்டில் பேனர் வைத்திருப்போம்.

ஓடைக்கரையில் உட்கார்ந்தபோது வழிகாட்டி பேச ஆரம்பித்தார். குடியிருப்பில் மரவள்ளி, மிளகு, சீசனில் தேன். ஊர்ப் பெரியவரை மூட்டுக்காணி என்பார்கள். எனக்கு ஆரோக்கியப்பச்சைக் கதை நினைவுக்கு வந்தது. 1987-இல் இதே மலையின் கேரளச் சரிவில் தாவரவியல் அறிஞர்கள் சிலர் காணி வழிகாட்டிகளோடு ஏறினார்கள். படித்தவர்கள் மூச்சு வாங்க, வழிகாட்டிகள் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு சளைக்காமல் ஏறினார்களாம். கெஞ்சிக் கேட்ட பிறகுதான் செடியைக் காட்டினார்கள். பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உண்டாக்கி 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய மருந்தகத்துக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று ஒப்பந்தம். பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்ததில் உலகம் முழுக்க எடுத்துச்சொல்லப்படும் முன்மாதிரி அது. நான் சொல்லி முடித்ததும் அவர் சிரித்தார். "எங்க மாமா வீட்டு ஆளுங்க அந்தப் பக்கம் இருக்காங்க. செடி இந்தப் பக்கமும் கிடக்கு சார்." எங்கே என்று மருமகன் கேட்டான். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

மறுநாள் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட். அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வாங்கி, மணிமுத்தாறு சாவடியில் பேர் எழுதிவிட்டு ஜீப்பில் ஏறினோம். மணிமுத்தாறு அருவி தாண்டியதும் பாதை என்று ஒன்று இருப்பதாகச் சொல்ல முடியாது. கல், குழி, கொண்டை ஊசி, மறுபடி கல். சானி கணவாயில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்குத்தான் அனுமதி என்று பெருமையாகச் சொன்ன மருமகன் இப்போது கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தான். இதே பாதையில்தான் அரசு பஸ் தினமும் ஏறி இறங்கும் என்றேன். நம்பவில்லை. அடுத்த வளைவிலேயே எதிரே பஸ் வந்தது. எங்கள் ஜீப் கால் பர்லாங் பின்னால் போய் ஒதுங்கியது.

ஆயிரம் மீட்டருக்கு மேல் போனதும் குளிர் உள்ளே ஏறிவிட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. இந்தப் பேர்கள் எங்களுக்குப் புதிதல்ல. ஐப்பசி, கார்த்திகையில் டிவியில் மழையளவு வாசிக்கும்போது ஊத்தும் நாலுமுக்கும்தான் முதலில் வரும். அந்த அளவைக் கேட்டுத்தான் கீழே ஏரலில் கடைக்காரர்கள் சரக்கை மேல் தட்டுக்கு ஏற்றுவார்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் ஊரே முங்கியதற்கு மலைத் தண்ணீர் மட்டும் காரணம் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. சமவெளியிலும் வானம் உடைந்து, குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை தெறித்தன. ஆனாலும் ஊத்துத் தேயிலைச் சரிவில் நின்று பார்த்தபோது, அந்தச் சரிவின் சாய்மானத்தைக் காலால் உணர்ந்தபோது, பயம் வந்தது உண்மை.

தேயிலை பார்க்க வேறு மாதிரி இருந்தது. 2024 ஜூனில் எஸ்டேட் வேலை நின்ற பிறகு கவாத்து இல்லை, கொழுந்து எடுப்பும் இல்லை. இடுப்புயரத்தில் தட்டையாக நிற்க வேண்டிய செடி தலைக்கு மேல் குச்சி விட்டிருந்தது. விட்டால் தேயிலை மரமாகிவிடும் என்று படித்திருந்தேன். ஆகிக்கொண்டிருப்பதை இங்கேதான் பார்த்தேன். அதற்குள் காட்டுமாடுகள். ஏழெட்டு இருக்கும். காலில் வெள்ளைச் சாக்ஸ் மாட்டியதுபோல் முழங்காலுக்குக் கீழே வெளுப்பு. எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தன. மருமகன் போனை எடுக்க மறந்துவிட்டான்.

ஜீப் ஓட்டியவர் இங்கே தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. "அந்தா, மூணாவது வரிசை. கதவு கழண்டு கிடக்கு பாத்தியளா அண்ணாச்சி, அதான்." 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,374 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா நிறுவனத்துக்கு விட்டது. ஜமீனுக்கு ஏற்பட்ட கொலை வழக்குச் செலவுக்காக என்பார்கள். குத்தகை 2028-இல் முடிகிறது. அதற்கு முன்பே கம்பெனி விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கிக் கடையைக் கட்டியது. நாலைந்து தலைமுறையாக இங்கேயே பிறந்து இங்கேயே செத்தவர்களுக்கு இந்த மண்ணில் ஒரு சென்ட் பட்டா கிடையாது. 1999 ஜூலை 23-இல் இவர்கள் கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த தொழிலாளர்களை விடச் சொல்லியும் நெல்லையில் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் ஓடி 17 பேர் செத்தார்கள். எங்கள் ஊருக்கு வருகிற அதே ஆறு.

ஒரு டீக்கடை திறந்திருந்தது. அம்மாள் ஒருவர் கட்டன் சாயா போட்டுத் தந்தார். பிள்ளைகள் கீழே போய்விட்டார்களாம், இவர் போகவில்லை. யானை வருமா என்று கேட்டேன். "முன்னெல்லாம் ஆளுவ இருந்தாவ, அது ஓரமா போவும். இப்ப அது நடுரோட்டுல நிக்கி, நாம ஓரமா போறோம்." அரிக்கொம்பனைப் பற்றியும் சொன்னார். கம்பம் ஊர்ப் பக்கம் பிடித்து 2023 ஜூனில் கோதையாற்றுப் பக்கம் விட்ட யானை, செப்டம்பரில் இந்த லைன் வீடுகளின் வாழையைத் தேடி வந்துவிட்டது. அவர் குரலில் கோபம் இல்லை. வீடு மாறி வந்த இன்னொரு ஆளைப் பற்றிப் பேசுவதுபோல்தான் பேசினார்.

குதிரைவெட்டி விளிம்பில் மேகம் விலகியபோது கீழே அணை நீர்ப்பரப்பு தகடாகத் தெரிந்தது. மருமகன் அங்கே நின்றுதான் மகுலேகே கதையைச் சொன்னான். க்ரூகரின் வடக்கு மூலையில், லிம்போபோ ஆற்றோரம் இருந்த மகுலேகே மக்களை 1969-இல் வெள்ளை அரசாங்கம் துரத்திவிட்டுப் பூங்காவோடு சேர்த்துக்கொண்டது. நிறவெறி ஆட்சி போன பிறகு வழக்காடி 1998-இல் நிலத்தைத் திரும்ப வாங்கினார்கள். ஆனால் திரும்பிக் குடியேறவில்லை. காட்டைக் காடாகவே விட்டுவிட்டு, அதில் விடுதி நடத்த உரிமம் கொடுத்து வருமானம் எடுக்கிறார்கள். அவன் தங்கிய விடுதியும் அங்கேதான். வழிகாட்டியும் அந்த ஊர்ப் பையன்.

இங்கே அப்படியே செய்ய முடியாது. அவர்களுடையது பாட்டன் பூமி. இவர்கள் குத்தகைக் கம்பெனி கூலிக்குக் கொண்டுவந்தவர்களின் பேரப்பிள்ளைகள். சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்க்காது. காடு திரும்பி வளர வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. காட்டுமாடு மேய்ந்த அந்தச் சரிவைப் பார்த்த பிறகு எப்படி மறுப்பது? ஆனால் இன்னும் சில வருஷத்தில் இந்த லைன் வீடுகள் 'சூழல் சுற்றுலா' விடுதியாகும் என்று வைத்துக்கொள்வோம். வெளியூரிலிருந்து சீருடை போட்ட ஒருவர் வந்து இது காக்காச்சி, அது நாலுமுக்கு என்று மனப்பாடம் ஒப்பிப்பார் என்றால், அதைவிட அபத்தம் வேறில்லை. எந்தத் திருப்பத்தில் யானை நிற்கும், எந்த ஓடை எப்போது பொங்கும் என்று தெரிந்த ஆட்கள் கல்லிடைக்குறிச்சியிலும் அம்பாசமுத்திரத்திலும் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இறங்கும்போது இதை ஓட்டுநரிடம் கேட்டேன். கைடு வேலை கொடுத்தால் மேலே வருவீர்களா?

"கூலி எவ்வளவுன்னு மொதல்ல சொல்லுங்க அண்ணாச்சி."

மணிமுத்தாறு சாவடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தபோது மருமகன் அவருடைய நம்பரைக் குறித்துக்கொண்டிருந்தான். அடுத்த லீவுக்கு ஜோகன்னஸ்பர்க் சிநேகிதர்கள் நாலு பேரைக் கூட்டி வருவதாகத் திட்டம்.

"புலி கேப்பாவளா?" என்றார் அவர்.

"கண்டிப்பா கேப்பாங்க."

"அப்ப வேற எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க. மிளாவும் மழையும் போதும்னா எனக்கு ஒரு போன் போடுங்க, வாரேன்."