வினாவிலே நேர்ந்த பிழை

விடை தவறாக வரும்போது விடையளித்தவரைக் கடிந்துகொள்வது மனித இயல்பு. வினாவே பிழையாக இருக்கலாம் என்ற எண்ணம் எமக்கு எளிதில் எழுவதில்லை. கலைப்பீட மாணவனாகிய நான் இவ்வுண்மையைக் கற்றது மெய்யியல் விரிவுரையில் அன்று. கரவெட்டியில், எமது ஊர் வாசிகசாலையின் கணினி முன்னாலேயாகும்.

விடுமுறையொன்றில் ஊர் சென்றிருந்தபோது, வாசிகசாலை நூல்களைக் கணினியிற் பதியும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே நெடுங்காலம் பொறுப்பாக இருந்த பெரியவர் தம் கைப்பட எழுதிய நூற்பதிவேடு ஒன்று உண்டு. அதனைப் பார்த்து 'மைஎஸ்கியூஎல்' என்ற மென்பொருளில் நூல்களுக்கு ஓர் அட்டவணையும் ஆசிரியர்களுக்கு ஓர் அட்டவணையும் அமைத்தேன். இத்தகைய தொடர்புநிலைத் தரவுத்தளத்துக்கு அடிப்படையான கோட்பாட்டை ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர் எட்கார் கொட் 1970இல் வெளியிட்டார். ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுதி, ஏனைய இடங்களில் அதற்குரிய எண்ணைக் குறித்தாற் போதும் என்பது அதன் நடைமுறைப் பயன்களுள் ஒன்று.

நானோ எம்மூரிற் பிறந்த பேராசிரியரை ஓரிடத்தில் 'கா. சிவத்தம்பி' எனவும் பிறிதோரிடத்தில் 'கார்த்திகேசு சிவத்தம்பி' எனவும் பதிந்துவிட்டேன். கணினிக்கு அவர் இருவரானார். அவருடைய நூல்களும் இரண்டாகப் பிரிந்தன. ஔவையாரைத் தேடியபோது அவர் அகப்படவேயில்லை. 'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக 'ஒ', 'ள' என்ற ஈரெழுத்துக்களைத் தட்டியிருந்தேன். கண்ணுக்கு வேறுபாடு புலப்படுவதில்லை. கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள்.

இவை சிறு தவறுகள். ஒருநாள் பெரியவர் வந்து, "தம்பி, எல்லாமாய் எத்தினை?" என்று கேட்டார். நூல்களையும் ஆசிரியர்களையும் இணைத்து எண்ணுமாறு வினவினேன். 538 என்றது கணினி. அவரது பதிவேட்டிலோ 611.

"மிச்சம் 73உம் எங்கை, தம்பி?"

"பதிவேட்டிலைதான் பிழை இருக்கும், ஐயா" என்றேன். அவர் மறுமொழி கூறாது அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து காட்டினார். அத்தனையும் கல்வெட்டுகள், எம்மவர் இறந்தோர் நினைவாக அச்சிட்டு வழங்கும் சிறு நூல்கள். அவற்றில் ஆசிரியர் பெயர் இல்லை. இரு அட்டவணைகளிலும் பொருந்துபவற்றை மட்டுமே தரும் இணைப்பை நான் பயன்படுத்தியமையால், ஆசிரியரற்றவை யாவும் கணக்கினின்றும் விலகிவிட்டன. பிழைச்செய்தி எதுவும் தோன்றவில்லை. கேட்ட கேள்விக்குக் கணினி சரியாகவே விடை தந்திருந்தது. 'லெஃப்ட் ஜொயின்' என்று இணைப்பை மாற்றியதும் 611உம் வந்தன. அவற்றுள் ஒன்று பெரியவருடைய மனைவியாரின் கல்வெட்டு. நான் தலைகுனிந்தேன்.

அதனினும் பெரிய தவறு பின்னர் நேர்ந்தது. ஒரு நூலின் வெளியீட்டிடத்தைத் திருத்த முற்பட்டபோது, எந்த நூல் என்பதைக் குறிக்கும் 'வெயார்' என்ற நிபந்தனையை எழுத மறந்தேன். கணப்பொழுதில் 611 நூல்களும் கரவெட்டியில் வெளியானவையாயின! அம்மென்பொருள் ஒவ்வொரு கட்டளையையும் உடனே நிலைப்படுத்திவிடும் இயல்புடையது. முன்கூட்டியே 'பிகின்' எனத் தொடங்கியிருந்தால் மட்டுமே 'ரோல்பாக்' என்று மீளலாம். நான் அவ்வாறு தொடங்கவில்லை. காப்புப்பிரதி இருந்தது, திறந்து பார்த்தபோது அது பாதியில் நின்றுபோன கோப்பு. மூன்று நாட்கள் பெரியவர் தம் பதிவேட்டை வாசிக்க, நான் இருந்து தட்டினேன். ஒரு கடுஞ்சொல்லேனும் அவர் சொல்லவில்லை.

திருத்துமுன் அதே நிபந்தனையால் எவை தெரிவாகின்றன எனப் பார்த்தல் வேண்டும். காப்புப்பிரதியை வேறிடத்தில் வைத்தல் வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்புப்பிரதி காப்புப்பிரதியே ஆகாது. இவை அம்மூன்று நாட்களும் எனக்குப் புகட்டிய பாடங்கள்.

பிரதியின் அருமையை யாழ்ப்பாணத்தவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றுடன் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதியற்றவை மீளவேயில்லை. 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் நினைவு மலர்களையும் இணையத்திற் பேணுவதன் பெறுமதி, அவ்விழப்பை எண்ணுவோர்க்கு நன்கு விளங்கும்.

இன்று எமது வாசிகசாலைத் தரவுத்தளத்தின் பிரதிகள் மூன்று இடங்களில் உள்ளன. மாதமொருமுறை அவற்றுள் ஒன்றை மீட்டுப் பார்க்கின்றோம். ஆயினும் புதிய நூலொன்று வந்தால், பெரியவர் அதனை முதலில் தமது பதிவேட்டிலேயே எழுதுகின்றார். நான் தடுப்பதில்லை.