செவிக்கு எட்டிய பாட்டு

இசைப்பித்து எம்மைப் பற்றி நாற்பதாண்டுகளுக்கு மேலாகின்றது. பிறந்தது தோட்டத்து லயத்தில்; பிழைப்பது பட்டணத்தில். இடம் மாறியும் பித்து மாறவில்லை. எனினும், அண்மையில் அது வேறொரு கிளை விட்டது. பாட்டைத் தேடி அலைந்த நாம், பாட்டைக் கேட்பிக்கும் கருவிகளைத் தேடி அலையத் தொடங்கினோம். ஹெட்போன், ஆம்பிளிபையர் ஆகியவற்றின்மீது எமக்கு எழுந்த மோகத்தையே கூறுகின்றோம்.

1979ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மன் என்னும் சிறு கருவியை வெளியிட்டது. அத்தகைய கருவியொன்றை எமது முதற் சம்பளத்தில் வாங்கி, இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்தோம். நெடுங்காலம் அதுவே போதுமாயிருந்தது. பின்னர் ஒருநாள், நண்பரொருவர் இல்லத்தில், ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1997இல் வெளியிட்ட எச்.டி. 600 என்னும் ஹெட்போனை அணிந்து, திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டோம். பன்முறை கேட்ட இசைத்தட்டுத்தான். ஆயினும், குழலோசைக்குப் பின்னே இடையறாது நிற்கும் சுருதி அன்றுதான் எமக்குத் தனியே புலப்பட்டது. அன்றே மோகமும் பிறந்தது.

அவ்வகை ஹெட்போனின் மின்தடை 300 ஓம். கைப்பேசி தரும் சிறு மின்னழுத்தத்தில் அதன் ஒலி மெலிந்தே நிற்கும். அழுத்தத்தை உயர்த்தித் தருவது ஆம்பிளிபையரின் பணி. ஆகவே ஓர் ஆம்பிளிபையர் வாங்கியது தேவை. தேவையோடு நின்றோமா? இல்லை. டிரான்சிஸ்டர் வைத்தது ஒன்று, வால்வு வைத்தது ஒன்று, கம்பியை மாற்றினால் ஓசை மாறுமென்று கம்பிகள் சில என வீடு நிறைந்தது; பணப்பை மெலிந்தது. கருவிகளை ஒப்புநோக்கும் பொருட்டு ஒரே பாட்டின் முதல் அரை நிமிடத்தை இருபது முறை கேட்போம். பாட்டு முடியும்வரை கேட்கமாட்டோம். அகப்பையை ஆராய்ந்துகொண்டே சோற்றை ஆறவிட்டவன் நிலைதான் எமது நிலை.

இந்நிலையில், எண்பதைக் கடந்த எம் அன்னையார் எம்மோடு வசிக்க வந்தார். செவிப்புலன் அவருக்குச் சற்றே குறைந்திருந்தது. ஒருநாள் மாலை, விளையாட்டாக அவர் தலையில் ஹெட்போனைப் பொருத்தி, 1953இல் வெளிவந்த ஔவையார் படத்திலிருந்து கே. பி. சுந்தராம்பாள் பாடிய பாட்டொன்றை வைத்தோம். அன்னையார் அசையாது கேட்டார். பாட்டு முடிந்ததும், "தம்பி, இந்தப் பாட்டிலே இத்தனை சொல்லா இருந்தது?" என்றார்.

எமக்குப் பொருள் விளங்கவில்லை. அவரே விளக்கினார். அக்காலத்தில் எமது தோட்டத்துக் கடையில்தான் வானொலிப்பெட்டி இருந்தது. இரவில் ஆடவர் அதைச் சூழ்ந்து அமர்வர். பெண்டிர் அங்கே செல்லுதல் ஆகாது. பொழுது புலருமுன் பால்மரம் வெட்டச் சென்று, ஆடவரோடு சரிக்குச் சரி உழைத்தவர்தாம் அவர்கள். ஆயினும் இரவில், தண்ணீர்க் குழாயடியில் சட்டிபானை கழுவிக்கொண்டே, மரங்களினூடே மிதந்துவரும் மெட்டை மட்டும் கேட்பார்களாம். சொற்கள் அவ்வளவு தொலைவு வரமாட்டா.

அந்தக் கடையில் தந்தையின் மடியில் அமர்ந்து, சொல்லும் மெட்டுமாக எல்லாவற்றையும் கேட்டவர் நாம். இசையன்பர் என்று நாற்பதாண்டுகள் பெருமை பேசினோம். எம் அன்னையாருக்குப் பாட்டில் பாதிதான் கிடைத்தது என்பதை ஒருநாளும் எண்ணிப் பார்த்தோமில்லை. வெட்கமாயிருந்தது.

அன்னையார் மீண்டும் ஹெட்போனை மாட்டிக்கொள்ளாமல், "நீ கேட்க வேண்டாமா? ஒருத்தர் மட்டும் கேட்கவா இத்தனை பெட்டி?" என்று வினவினார். அப்போதுதான் எமது ஆம்பிளிபையரின் முகப்பை நோக்கினோம். ஹெட்போன் செருகும் துளைகள் அதில் இரண்டு. வாங்கிய நாள்முதல் இரண்டாவது துளை வெறிதே கிடந்தது. பழைய ஹெட்போன் ஒன்றைத் தூசு தட்டி அதில் செருகினோம். அன்றுமுதல் மாலைதோறும் இருவர் கேட்கின்றோம். பாட்டை முழுவதும் கேட்கின்றோம்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாயிருக்கின்றோம். வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதாயின், ஒலி 80 டெசிபலுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒலி 3 டெசிபல் ஏறுந்தோறும் கேட்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். எஞ்சியுள்ள செவியைக் காப்பதும் கடமையன்றோ?

அன்பர்களே! நல்ல கருவி வாங்குவதை நாம் குறை கூறவில்லை. வாங்குமுன், உம் இல்லத்தில் பாட்டுக்குத் தொலைவில் நிறுத்தப்பட்டவர் எவர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவரை அருகில் அழைத்து அமர்த்துங்கள். வால்வும் கம்பியும் தராத இனிமை அங்கே இருக்கின்றது.