அப்பாவின் மழைக் கணக்கு

அப்பா தமது 74 வயதில் முதன்முறையாக விமானம் ஏறுவதாக இருந்தது. 2024 நவம்பர் நடுவில், நானும் அவரும் மட்டும், பாலிக்கு நான்கு நாள். புதுச் சட்டை போட்டு, பையில் திருநீற்றுப் பொட்டலமும் வைத்துக்கொண்டு அவர் தயாராக உட்கார்ந்திருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. விமானம் ரத்து. இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் லெவொதொபி லக்கி-லக்கி எரிமலை கக்கிய சாம்பல் பாலி பக்கம் வரை பரவியிருந்தது.

“வேற தீவுல வெடிச்சதுக்கு இங்க ஏம்பா நிறுத்துறாங்க?”

சாம்பல் என்றதும் அவர் அடுப்புச் சாம்பலை நினைத்துக்கொண்டார். இது பொடியான பாறையும் கண்ணாடியும், விமான எஞ்சின் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும் என்றேன். மறுபேச்சில்லாமல் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார்.

அன்று மாலை என் மகள், “தாத்தா, பெரிய எரிமலை வெடிச்சா உலகமே குளிர்ந்துடுமாம்” என்றாள். நெருப்பைக் கக்குவது எப்படிக் குளிர வைக்கும் என்று அப்பா சிரித்தார்.

அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து எழுதுவதும் அவர் வேலை. விடியலில் மழை பிடித்தால் பால்மரம் வெட்ட முடியாது, ஆட்களின் வருமானம் போய்விடும். பெரட்டுக்கு வருகிறவர்கள் கிராணியைப் பார்ப்பதற்கு முன் வானத்தைத்தான் பார்ப்பார்கள். ஆபீஸ் கணக்கு போக, தனக்கென்று நோட்டில் ஒரு பிரதியும் எழுதி வந்தார். அவை இன்னும் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.

ஆகவே மழையை வைத்தே சொல்லிப் பார்த்தேன். சாம்பல் கனமானது, சில நாட்களிலோ வாரங்களிலோ விழுந்துவிடும். குளிர வைப்பது கண்ணுக்குத் தெரியாத கந்தக வாயு. 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் பினாதுபோ வெடித்தபோது சுமார் 1.5 கோடி டன் கந்தக டைஆக்சைடு வானில் ஏறியது. எரிமலைப் புகை 35 கிலோமீட்டர் உயரம் வரை போனது. நம் ஊர் இடிமேகங்களே 16, 17 கிலோமீட்டரோடு நின்றுவிடும். அதற்கு மேலே மழை கிடையாது.

“மழை இல்லாத எடத்துல யாரு கழுவி விடுறது?” என்றார் அப்பா.

அதேதான். கழுவ ஆளில்லாததால் அந்த வாயு அமிலத் துளிகளாக மாறி, உலகைச் சுற்றிப் பரவி, வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பியது. 1992இல் பூமியின் சராசரி வெப்பம் சுமார் 0.5 டிகிரி இறங்கியது. துளிகள் மெல்ல விழுந்து தீர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆயின. லெவொதொபி அவ்வளவு பெரிதல்ல. ஆனாலும் எங்கள் பயணத்தைக் கெடுத்துவிட்டது.

“வாயு மேலே போகலன்னா?” என்றாள் மகள். ஐஸ்லாந்தின் ஹோலுஹ்ரவுனில் 2014இல் அப்படித்தான் ஆனது. வாயு தாழ்வான கடல் மேகங்களில் கலந்தது. நான்கு கிளாஸ் டீயை நாற்பது சின்னக் கிளாஸ்களில் பிரித்து ஊற்றுவதுபோல், மேகத்திலிருந்த நீர் நிறைய பொடித் துளிகளாகப் பிரிந்தது. துளி சிறுத்தால் மேகம் இன்னும் வெளுக்கும், வெயிலை அதிகம் திருப்பும். செயற்கைக்கோள்கள் அதைக் கண்டன.

அப்பா எழுந்து போய் டின்னை எடுத்து வந்தார். 1991, 1992 நோட்டுகளில் விரல் வைத்து மாதம் மாதமாகத் தேடினார். ஒரு தோட்டத்து மழைமானியில் பினாதுபோ தெரியாது. போதாக்குறைக்கு அந்த ஆண்டுகளில் எல் நினோவும் இருந்தது, அதுவே நம் மழையைக் குறைக்கும். சொல்லலாமா என்று யோசித்து, சொல்லிவிட்டேன்.

“முப்பது வருசம் எழுதுனேன். ஒன்னும் தெரியலங்கிறியா?”

எத்தனையோ ஊர்களில் யார் யாரோ தினமும் அளந்து எழுதியதைச் சேர்த்துத்தான் அந்த அரை டிகிரியையே கண்டுபிடித்தார்கள் என்றேன். சமாதானத்துக்காகச் சொன்னதல்ல. ஆனால் அவர் நோட்டை மூடிவிட்டார்.

வெகுநேரம் கழித்து, “அந்தச் சமயம் சாயங்கால வானம் ஒரு மாதிரி செவந்து கெடந்துச்சு. ஒங்கம்மா வாசல்ல நின்னு என்னையக் கூப்புட்டுக் காட்டுனா” என்றார்.

பினாதுபோவுக்குப் பிறகு உலகில் பல இடங்களில் அந்திவானம் அப்படிச் சிவந்தது உண்மை. அதை ஏன் எழுதி வைக்கவில்லை என்று கேட்டேன்.

“மில்லிமீட்டர் எழுதுற நோட்டுப்பா அது. அதுல ஏது கட்டம்?”

பயணத்தைத் தள்ளி வைத்திருக்கிறோம். அந்தப் புதுச் சட்டையை அவர் இன்னும் வேறெதற்கும் போடவில்லை.