திருவிழாக் காலத்துக் கோப்பிக் கடை

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிற் கொடியேறிவிட்டால் 25 நாட்களுக்கு யாழ்ப்பாணத்தில் விருந்தினர் இல்லாத வீடு அரிது. கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும் உறவினர் வருவர். அவர்களை உபசரிக்கக் கோப்பித்தூள் வேண்டுமல்லவா? ஊர்ச் சிறுகடைகளில் நெருக்கடி மிகுகின்றது.

1869 இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைநோய் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. ஆயினும் மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்த கோப்பியை யாழ்ப்பாணத்தார் கைவிட்டாரல்லர்.

இத்தொழிலின் இடர்ப்பாடு யாதெனில், அரைத்த தூளின் மணம் விரைவிற் குன்றும். ஆதலின் தேர்த் திருவிழாவுக்கென முன்னரே அரைத்துக் குவித்தல் தகாது. நெருப்பைக் கூட்டி விரைந்து வறுப்பின் கொட்டை கருகும். மல்லியை மிகுத்தாலோ கோப்பியின் சுவை மறையும்.

நாம் சென்ற கடையில் மாலைக்கு முன்னரே தூள் தீர்ந்துவிட்டது. வாயிலிற் பலர் காத்து நின்றனர். "மாஸ்டர், இண்டைக்கு வறுத்தது முடிஞ்சுது, நாளைக்கு விடிய வாருங்கோ," என்றார் கடைக்காரர். கைக்கு வந்த வருவாயை அவர் இழந்தார். ஆனால், தீர்த்தம் முடிந்ததும் விருந்தினர் சென்றுவிடுவர். ஆண்டு முழுவதும் அக்கடையை வாழவைப்பவர் அயலாரே. அவர்தம் நாவை ஏமாற்ற இயலுமோ?