ஒரு சாண்

மகளின் கோடை விடுமுறையில் தொடங்கிய விளையாட்டு அது. மேசைமீது ஒரு ரயில் பாதை. அதன்மேல் 87இல் ஒரு பங்காகச் சிறுத்த எஞ்சினும் வேகன்களும். நிலையத்தையும் மரங்களையும் மகள் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள, சரக்கு ஏற்றி இறக்கும் குட்ஷெட் நம் பங்காயிற்று. (சரக்குக் கொட்டகை என்று எழுதத் தமிழாசிரியரின் கை பரபரக்கத்தான் செய்கிறது. அப்படிச் சொன்னால் திருச்சியில் எந்த ஆட்டோக்காரரும் நம்மை அங்கே கொண்டுபோய் இறக்கமாட்டார்.)

அமெரிக்கக் கையேடு ஒன்றை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். மெய்யாகத் தோன்றச் செய்யும் உபாயங்கள் அதில் ஏராளம். மேடையின் விளிம்பு நேர்கோடாக இருக்கலாகாது. லாரிகள் பின்னால் வந்து இடித்த இடங்களை அரத்தால் தேய்த்துக் காட்ட வேண்டும். கூரை மேடையோடு நின்றுவிடாமல் பாதையை நோக்கி நீள வேண்டும். மழையில் சரக்கு நனையக் கூடாதல்லவா? சுவரடியில் ஈரக்கறை, தூணில் பூச்சு உதிர்ந்த திட்டு. சன்போர்டை வெட்டி, மணல்தாளைச் சிமெண்டுத் தரையாக ஒட்டி, சாம்பல் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து மூன்று முறை பூசினோம். உயரத்துக்கும் கையேடே வழிகாட்டி: வேகனின் தளமும் மேடையும் ஒரே மட்டம். அளந்து பார்த்தோம், பதினான்கரை மில்லிமீட்டர். ஒட்டி முடித்தாயிற்று.

மாலையில் தந்தையார் வந்து பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தவர், ஒரு வேகனை விரலால் தள்ளி மேடையருகே நிறுத்தினார்.

"நல்லாத்தான் இருக்கு. கதவு எப்படிப்பா தொறக்கும்?"

நமக்கு விளங்கவில்லை.

"நம்ம வேகன் கதவு வெளிப்பக்கமால்ல தொறக்கும்? மேடை இவ்வளவு ஒசரமா இருந்தா இடிக்கும். ஒரு சாண் எறக்கு."

கையேட்டில் இருந்த பெட்டிகளுக்குப் பக்கவாட்டில் நகரும் கதவுகள். அங்கே மேடையும் பெட்டியும் ஒரே மட்டத்தில் நின்றால் தொல்லையில்லை. இந்திய ரயில்வேயின் அளவுவிதியைத் தேடிப் பார்த்தோம். அகலப்பாதையில் சரக்கு மேடை தண்டவாளத்திற்குமேல் 1065 மில்லிமீட்டருக்கு மிகலாகாது. வேகனின் தளம் அதற்கும் மேலே நிற்கிறது. தந்தையார் சொன்ன சாண் கணக்கு அவ்வளவு சரி. மாதிரியில் அது இரண்டு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும்.

அவர் அந்த அளவை விதியிலிருந்து அறிந்தவரல்லர். திருச்சி குட்ஷெட்டில் சுமை தூக்கியவர். மூடிய வேகன் ஒன்றில் ஐம்பது டன்னுக்கு மேல் ஏறும். 50 கிலோ மூட்டை என்றால் ஆயிரத்துக்கும் அதிகம். இறக்கும்போது ஒவ்வொரு மூட்டையோடும் ஒரு சாண் கீழே, ஏற்றும்போது ஒரு சாண் மேலே. "ஏத்துற அன்னிக்கி ராத்திரி முட்டி தூங்கவிடாது" என்றார், மிகச் சாதாரணமாக.

திருச்சியில் ரயில் என்றாலே பொன்மலைதான் பேச்சு. நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் பெயர்ந்து வந்த பணிமனை. நீலகிரி மலைரயிலுக்கு நீராவி எஞ்சினே செய்து கொடுத்த இடம். ஸ்ரீரங்கத்தில் நாம் படித்த பள்ளியில் 'அப்பாவுக்கு என்ன வேலை' என்று கேட்டால் 'ரயில்வே' என்போம். கேட்பவர்கள் பொன்மலையா என்பார்கள். ஆமாம் என்றே சொல்லிவந்தோம். சுமை தூக்குவோர் ரயில்வே ஊழியர்களே அல்லர் என்பது நமக்கு அப்போதே தெரியும். தந்தையாரும் நாள்தோறும் காவிரிப் பாலத்தைச் சைக்கிளில் கடந்து, அம்மாமண்டபம் படித்துறையில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். சிமெண்டுத் தூளோ உரத்தின் நெடியோ வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. ஒருநாளும் குட்ஷெட்டுக்குப் போய் நாம் அவரைப் பார்த்ததுமில்லை. அமெரிக்கக் கையேடு தேவைப்பட்டதன் காரணம் வேறென்ன?

பிளேடால் மேடையைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது, பள்ளியில் பொன்மலை என்று சொல்லிவந்ததை அவரிடம் சொல்லிவிட்டோம். நாற்பது வயதுக்குமேல் சொல்வதற்கே நா எழவில்லை.

"தெரியும். ஒங்க கணக்கு வாத்தியார் ஒருநா கடைத்தெருவுல பார்த்துட்டு, பொன்மலையில எந்த ஷாப்புன்னு கேட்டாரு."

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"பெயிண்ட் ஷாப்புன்னேன்."

மகள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். நாம் பெயர்த்த பலகையின் அடியில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டு மில்லிமீட்டரில் புதிய மேடை மறுநாள் எழுந்தது. மகள் கம்பியை வளைத்து, களிமண் பூசி, முதுகில் மூட்டையோடு ஓர் ஆளைச் செய்து நிறுத்தினாள். தந்தையார் அதை எடுத்துக் கழுத்தைச் சற்றே முன்னால் வளைத்தார். முட்டியையும் கொஞ்சம் மடக்கினார்.

"இவன் ஏத்துறான்" என்றார். "அந்தத் தூணோரமா ஒரு தண்ணிப்பானை வையும்மா. சாயங்கால நிழல் அந்தப் பக்கந்தான் விழும்."