முளைப்பாரியும் கத்திரி நாற்றும்

பிறந்த ஊரைவிட்டுப் பெயர்ந்து வாழும் குடும்பங்கள் உடன் கொண்டு செல்லும் பொருள்களுள் விதையைப் போல் சிறியதும் இல்லை. அதனைப் போல் பெரியதும் இல்லை. கொச்சிக்குத் தெற்கே, காயல் சூழ்ந்த கும்பளங்கிக்கு நாங்கள் குடிவந்தபோது, மதுரைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து எங்களுடன் ஒரு துணி முடிச்சும் வந்தது. அம்மா தம் கொல்லையில் ஆண்டுதோறும் எடுத்து வைத்த நாட்டுக் கத்திரி விதைகள் அதனுள் இருந்தன. முடிந்து தந்த கை இன்று இல்லை. அந்தக் கொல்லையும் கைமாறிவிட்டது. அவ்விதைகளுள் பாதியை எங்கள் அறியாமையால் இழந்தோம். அந்தக் கதை பிறருக்கேனும் பயன்படட்டும் என்றே இதனை எழுதுகிறோம்.

இங்கே ஜூன் மாதத்தில் இடவப்பாதி மழை தொடங்கினால் முற்றத்தில் சட்டி வைக்க இயலாது, மண்ணிலோ உப்பு. ஆகவே, வீட்டினுள் ஒரு தட்டில் மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து, விதைகளை நெருக்கமாகத் தூவினோம். சாரல் படாதிருக்கச் சன்னலுக்கு நான்கடி தள்ளி வைத்தோம். எட்டாம் நாள் முளைத்தன. அடுத்த சில நாள்களில் நான்கு விரற்கடை உயர்ந்து நின்றன. எங்கள் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

அம்மகிழ்ச்சிக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவார்கள். ஓட்டில் வைக்கோலும் எருவும் மண்ணும் பரப்பி, நவதானியம் விதைத்து, வெளிச்சம் புகாத அறையில் வைத்து நீர் தெளிப்பார்கள். முளைகள் வெளிர்மஞ்சளாய் நெடுநெடுவென வளரும். எவ்வளவு உயரமோ, அவ்வளவு நல்ல மழை, அவ்வளவு நல்ல விளைச்சல் என்பது நம்பிக்கை. அதைப் பார்த்து வளர்ந்த கண்களுக்கு உயரமே வளமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

மூன்றாம் நாள் காலையில் நாற்றுகள் நூல்போல் மெலிந்து, சன்னல் பக்கம் சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன. பக்கத்து வீட்டு அம்மச்சி வந்து பார்த்தார். பொக்காளி வயலில் பல்லாண்டு பாடுபட்டவர். “வெளிச்சமில்லாத்த ஞாறு வீழும், மக்களே” என்றார். ஞாறு என்றால் நாற்று, மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வயலில் பொக்காளி நெல் வெள்ளத்துக்கு மேல் தலைதூக்க நான்கடியும் வளர்கிறது. ஆனால் அது திறந்த வானத்தின்கீழ், மேட்டில் முளைத்து வலுப்பெற்ற பயிர். எங்கள் நாற்றின் உயரமோ பசியின் உயரம்.

விதை மண்ணுக்குள் இருளில் முளைக்கிறது. வெளிச்சத்தை எட்டும் வரையில் தன்னிடமுள்ள உணவையெல்லாம் தண்டை நீட்டுவதற்கே செலவிடுகிறது. இலையை விரிப்பதில்லை, பச்சையம் சேர்ப்பதில்லை. வெளிச்சம் கண்டபின் நீட்டத்தைக் குறைத்துத் தடிக்கிறது. அறையின் மங்கலொளியில் அது இன்னும் மண்ணுக்குள் இருப்பதாகவே எண்ணி நீள்கிறது. முளையின் நுனியே ஒளியை உணர்கிறது என்பதைச் சார்லஸ் டார்வினும் அவர் மைந்தரும் 1880-இல் எழுதிய நூலில் காட்டினர். நெருங்கி நிற்கும் நாற்றுகளும், ஒன்றன் இலையில் பட்டுவரும் ஒளியால் போட்டியை உணர்ந்து நீள்கின்றன.

முளைப்பாரி சில நாள் வாழ்ந்து, திருவிழா முடிவில் நீரில் கரைய வேண்டியது. அதற்கு இருட்டறை தகும். கத்திரியோ மாதக்கணக்கில் காற்றையும் மழையையும் தாங்கிக் காய்க்க வேண்டியது. இவ்வேறுபாட்டை நாங்கள் மறந்ததே பிழை.

எஞ்சிய விதைகளை ஒரு வாரம் கழித்து ஊன்றினோம். இம்முறை செய்தவை இவை: விதைக்கு விதை இரண்டு விரற்கடை இடைவெளி விட்டோம். முளை தலைகாட்டிய அன்றே மேல்மூடியை அகற்றினோம். மழை படாத தாழ்வாரத்தின் வெளிச்சமான ஓரத்தில் வைத்தோம். வானம் இருண்ட நாள்களில், நாற்றுக்கு அரையடி உயரத்தில் வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கை நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் எரித்து, இரவில் அணைத்தோம். நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்தினோம். தட்டை அன்றாடம் திருப்பி வைத்தோம். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் விட்டோம். ஈரம் மிகுந்தால் தண்டின் அடி அழுகும். காலையும் மாலையும் நாற்றின் தலையை உள்ளங்கையால் மெல்ல வருடினோம். காற்றின் அசைவு போன்ற இத்தீண்டலால் தண்டு குறுகித் தடிக்கும். எருவை இரண்டாம் இணையிலை விரியும்வரை இடவில்லை.

நாற்றுகள் முன்போல் விரைந்து உயரவில்லை. மூன்று வாரமாகியும் குட்டையாகவே நின்றபோது எங்கள் பொறுமை சோதிக்கப்பட்டது. ஆயினும் தண்டு ஊதாச் சாயலுடன் உறுதியாயிருந்தது. ஐந்தாம் வாரத்தில், ஒருவாரம் வெளிக்காற்றுக்குப் பழக்கிய பின், பைகளில் நட்டோம். பதினோரு நாற்றுகள் பிழைத்தன.

காய்த்தபோது முதற்காயை அம்மச்சி வீட்டுக்குக் கொடுத்தோம். மிக நல்ல இரண்டு காய்களைப் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்கவிட்டோம். அவற்றின் விதைகள் இன்று அம்மாவின் அதே துணியில் முடியப்பட்டிருக்கின்றன. ஊர் விதை வைத்திருக்கும் அன்பர்கள் காலம் கடத்தாது விதைப்பார்களாக. ஆண்டுகள் செல்லச் செல்ல விதையின் முளைப்புத் திறன் குறையும். விதைக்குமுன், வீட்டில் நல்ல வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.