வேஷம் போடும் வைஃபை

நகத்தளவே பருமனுள்ள யூ.எஸ்.பி. வைஃபை அடாப்டரைப் பழைய மடிக்கணினியில் செருகியதும், அது தன் ஸ்வரூபத்தைக் காட்டாமல், விண்டோஸுக்கான டிரைவரை வயிற்றில் சுமந்த சி.டி. டிரைவாக வேஷம் பூண்டு நிற்கும் விநோதத்தை லினக்ஸ் அன்பர் பலரும் அறிவர். யூ.எஸ்.பி. மோட்ஸ்விட்ச் என்னும் நிரல் அவ்வேஷத்தைக் கலைத்த பிறகே உண்மையான சாதனம் வெளிப்படும்.

அதன் பின்னரும், பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பி டிரைவர் தேடுவது வீண் பிரயாசை. மாடல் பெயரை மாற்றாமலே உள்ளிருக்கும் சிப்பை மாற்றிவிடும் வழக்கம் இவ்வியாபாரத்தில் உண்டாதலால், எல்எஸ்யூஎஸ்பி கட்டளை காட்டும் அடையாள எண்ணையே பிரமாணமாகக் கொள்ள வேண்டும். நாமே கம்பைல் செய்து நிறுவும் டிரைவரோ, கெர்னல் மாறுந்தோறும் அதைத் தானே மீண்டும் கம்பைல் செய்யும் டி.கே.எம்.எஸ். ஏற்பாடு இல்லையேல், புதுப்பித்த கெர்னலில் கணினி மீண்டும் தொடங்கியதுமே செயலற்றுப்போகும். வைஃபை போனபின் வைஃபைக்குரிய டிரைவரை எவ்வழியே இறக்குவது என்பது தனி வேதாந்தம் (கைபேசியைக் கேபிளில் இணைத்து அதன் இணையத்தைக் கடன் வாங்குவதே அடியேன் கண்ட உபாயம்).

2023 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 6.2 முதல் இத்தகைய சிப்புகள் சிலவற்றுக்குக் கெர்னலிலேயே ஸ்தானம் கிடைத்துவிட்டது. என்னுடையதும் அவற்றுள் ஒன்று. ஃபர்ம்வேர் கோப்பை மாத்திரம் தனியே நிறுவ வேண்டியிருந்தது.